ஆங்கிலப் பயிற்சி ஆசிரியர்களும் செயற்கை நுண்ணறிவும் (மலேசியா)

எழுத்துப் பயிற்சியில் செயற்கை நுண்ணறிவைப் பிரயோகிப்பது பற்றி ஆங்கிலப் பயிற்சி ஆசிரியர்கள் கொண்டுள்ள மனோபாவம், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் உரையாடு கருவி வெளிவந்த பின்னர் கல்வியாளர்தம் தீவிர ஆராய்ச்சிக்குரிய விஷயமாயிற்று. மலேசியாவில், தலைநகரின் பிரிக்பீல்ட்ஸுக்கு அணித்தான பந்தாய் வட்டாரத்தில் ஆசிரியர் கல்விக் கழகத்தின் அனைத்துலக மொழிகள் வளாகமும் மலாயாப் பல்கலைக்கழகமும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியை அளித்து வருகின்றன.

கருத்துத் திரட்டவும் இலக்கணப் பிழை களையவும் சாட்ஜிபிடி போன்ற கருவி உபயோகமானதென்பது பயிற்சி ஆசிரியரிடையே பரவலான அபிப்பிராயம். மாணவனின் சிந்தனை மழுங்கும், பிறர் எழுத்தைத் தனதெனக் காட்டும் வழக்கம் பெருகும் என்ற அச்சமும் உடனுறைகின்றது. ஆய்வாளர் டேவிஸ் 1989இல் வகுத்த தொழில்நுட்ப ஏற்புக் கொள்கை பயனையும் எளிமையையுமே அளவுகோலாகக் கொள்வதால், இவ்வச்சத்தை அளக்க அது போதாது.

இவர்கள் நாளை மாணவரை ஆயத்தப்படுத்த வேண்டிய, ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கில எழுத்துத் தாளில் ஏறத்தாழ 80 சொற்களில் மின்னஞ்சலும், 125 முதல் 150 சொற்களில் வழிகாட்டுக் கட்டுரையும், 200 முதல் 250 சொற்களில் விரிகட்டுரையும் கேட்கப்படுகின்றன. நண்பனுக்கு எழுதும் மின்னஞ்சலை இயந்திரம் கம்பெனிக் கடிதத்தின் தோரணையில் அமைத்துத் தருமாயின், அதனைக் கிள்ளானிலுள்ள ஐந்தாம் படிவ மாணவனின் நடைக்கு இறக்கித் திருத்துவிக்கும் திறனே பயிற்சி ஆசிரியருக்கு முதன்மையாக வேண்டுவது. பயிற்சி ஆசிரியர் பயிலும் உயர்கல்வியிலோ, இத்தகைய கருவிகளின் உபயோகம் பற்றி மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பு 2023இல் ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது.