தரங்கம்பாடி: கடல் கொண்டது போக எஞ்சிய ஊர்

விடுமுறை நாள்களில் காரைக்கால், நாகூர் பக்கம் வருபவர்கள் பலரும் போகிற வழியில் தரங்கம்பாடியில் வண்டியை நிறுத்துவதுண்டு. கோட்டைக்கு முன்னால் ஒரு படம், கடலில் கால் நனைப்பு, ஒரு பொட்டலம் சுண்டல். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். முதல் முறை நாமும் அப்படித்தான் வந்தோம். இரண்டாம் முறை ஒரு பகல் முழுவதும் தங்கிய பிறகுதான், முன்பு எதையும் பார்க்காமலே திரும்பியிருந்தது புரிந்தது.

மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள இவ்வூருக்கு மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், காரைக்காலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து முன்பு ரயில் வந்துகொண்டிருந்தது. 1986இல் அந்தப் பாதை மூடப்பட்டதால் இப்போது பேருந்து அல்லது சொந்த வாகனம்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் வெள்ளை நிற நுழைவாயில் 1792இல் கட்டப்பட்டது. அதைக் கடந்தால் கிங் தெரு. இருபுறமும் பழைய கட்டடங்கள், தெருவின் முடிவில் கடல். இங்குள்ள சீயோன் தேவாலயம் 1701ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எதிரே உள்ள புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் திறக்கப்பட்டது.

டேனிஷ் கோட்டை எனப்படும் டான்ஸ்போர்க் கோட்டைதான் ஊரின் முக்கிய அடையாளம். 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓவ் ஜெட்டே என்ற டேனிஷ் கடற்படைத் தளபதி இங்கே கோட்டை எழுப்பினார். அப்போது நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. மிளகு வணிகத்தை நாடி வந்தவர்கள் 225 ஆண்டுகள் இருந்துவிட்டு, 1845இல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குத் தங்கள் இந்தியக் குடியிருப்புகளை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், ஜும்ஆவுக்குப் பிறகு பார்க்கலாம் என்று திட்டமிட்டு வருபவர்கள் ஏமாற நேரிடும். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் இங்கே வந்திறங்கினார். உள்ளூர்க்காரர்களிடம் தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். முதல் தமிழ் அச்சு நூலே இங்கேதான் வந்தது என்று சிலர் சொல்வது சரியல்ல. 1578இலேயே கொல்லத்தில் போர்த்துகீசியர் தமிழ் நூலை அச்சிட்டுவிட்டனர். எனினும் தமிழ் அச்சு தொடர்ந்து வளர்ந்ததில் தரங்கம்பாடிக்குப் பெரும் பங்குண்டு. அவர் நம்பிய மார்க்கம் வேறு, நம்முடையது வேறு. ஆனால் அந்நிய நாட்டிலிருந்து வந்து ஒரு மொழியை அவர் கற்ற உழைப்பு, அரபியும் தமிழும் சேர்த்துப் படித்த நமக்கு வியப்பளிக்கிறது.

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டப்பட்டது. ஊரின் பழைய பெயரான சடங்கன்பாடியை இதன் கல்வெட்டில் காணலாம். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாண்டியர் கட்டியதையும் டேனிஷ்காரர்கள் கட்டியதையும் அலை வேறுபடுத்திப் பார்க்கவில்லை. டேனிஷ்காரர்களின் பழைய வரைபடங்களில் கோட்டைக்கு முன்னால் இருந்த நிலத்தில் கணிசமான பகுதி இன்று நீருக்கடியில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இவ்வூரின் மீனவக் குடும்பங்கள் பல உயிர்களை இழந்தன. அதன் பிறகுதான் கரையில் கருங்கற்கள் பெருமளவில் கொட்டப்பட்டன. நாம் அழகுக்காக ஏறி நின்று படமெடுக்கும் அந்தக் கற்கள், ஊரைக் காப்பதற்காகப் போடப்பட்டவை. பாசி படிந்து வழுக்கும், இடுக்குகளில் கால் சிக்கும். பிள்ளைகளை அவற்றின்மேல் ஏறவிடாதீர்கள். இங்கே அலையின் இழுப்பும் அதிகம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொண்டால் பயணம் மகிழ்ச்சியாக முடியும்.

ஊரில் முஸ்லிம்கள் நீண்டகாலமாக வாழ்கிறார்கள். பள்ளிவாசல் இருப்பதால் தொழுகைக்குச் சிரமமில்லை. காலையில் வந்து தெருக்களையும் கோட்டையையும் பார்த்து, வெயில் நேரத்தில் ஓய்வெடுத்து, அஸருக்குப் பிறகு கடற்கரைக்கு வருவது வசதியானது.

ஒரு வேண்டுகோள்: கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்குவதையும், கரையில் நெகிழிப் பைகளை வீசுவதையும் நாம் செய்யாமலும், நம்முடன் வருபவர்களைச் செய்யவிடாமலும் இருப்போம். இந்த ஊரைக் கடல் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மிச்சமிருப்பதை அழிப்பதில் பார்க்க வந்த நாமும் பங்காளியாகிவிடக் கூடாது.