பேலீவ் பண்ணைமனை

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ற் பகுதியைச் சார்ந்த சிடிங்ஸ்ரன் என்னும் ஊரில், வசதிபடைத்த உழவர் குடிக்கேற்ப எழுப்பப்பெற்றது பேலீவ் என்னும் பண்ணைமனை. ஓக்கு மரச் சட்டகமும், வரிச்சின்மேல் மண்சாந்து அப்பிய சுவரும் உடையது அது. மரத்தின் ஆண்டுவளையங்களைக் கொண்டு காலங் கணிப்போர், நடுக்கூடமும் ஒரு தலையிலுள்ள பண்ட அறைகளும் கி. பி. 1405க்கும் 1430க்கும் இடையே எழுந்தன என்பர்; மறுதலையிலுள்ள தலைவனின் அறைகள் 1510ஆம் ஆண்டளவில் அமைந்தவை. ஒரே கூரையின் கீழ் நிற்பினும் இவ்விரு தலைகளும் ஒரு காலத்தன அல்ல.

இம்மனையின் அமைப்பை வகுத்தது புகையேயாகும். நடுக்கூடத்தின் நிலத்திலே தீ மூட்டப்பட்டது. புகைபோக்கி இல்லாமையால், புகை மேலெழுந்து கூரையின் இடுக்குகள் வழியாகவே வெளியேறிற்று. ஆதலின் கூடத்தின்மேல் மாடி அமைத்தல் இயலாதாயிற்று. நிலத்திலிருந்து முகடுவரை அது வெறுவெளியாகவே விடப்பட்டது. மாடியறைகள் இரு தலைகளிலும் தனித்தனியே நின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுவோர் கீழிறங்கிக் கூடத்தைக் கடந்தே ஏறுதல் வேண்டும். இத்தகைய பழைய மனைகள் பலவற்றில், பிற்காலத்தார் இட்ட மேற்றளத்துக்கு மேலே ஏறிக் காண்பார்க்குக் கைமரங்களிற் படிந்த கரி இன்றும் புலப்படும். எழுத்துச் சான்று இல்லாதவிடத்து அக்கரியே சான்றாகின்றது.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிற் செங்கற் புகைபோக்கி உழவர் மனைகளிலும் பரவிற்று. 1570 முதல் 1640 வரையுள்ள காலத்தை நாட்டுப்புற வீடுகளின் பெரும் புதுக்கட்டுக் காலமென 1953இல் ஹொஸ்கின்ஸ் என்னும் வரலாற்றறிஞர் குறித்தார். இம்மாற்றம் எங்கும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததன்று எனப் பின்வந்தோர் திருத்தினர், அத்திருத்தமே பொருத்தமானது. பேலீவும் பின்னாளிற் புகைபோக்கியும் கூடத்தின்மேல் மாடியும் பெற்றது. பிரிந்திருந்த மாடியறைகள் இணைந்தன. உயர்ந்த கூடம் தாழ்ந்த அறையாயிற்று.

1960களின் இறுதியில், பௌ பீச் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டமையால் மனை பிரிக்கப்பெற்று, சசெக்ஸிலுள்ள சிங்கிள்ரன் திறந்தவெளி அரும்பொருளகத்தில் மீள நிறுவப்பட்டது. அவ்வேளை பிற்காலப் புகைபோக்கியும் மாடித்தளமும் விலக்கப்பட்டன. 1540ஆம் ஆண்டளவிலிருந்த நிலையே தெரிந்துகொள்ளப்பட்டது. திறந்த கூடத்தைக் கண்ணாரக் காண்பதற்கு இது பெருந்துணையாயிற்று என்பதில் ஐயமில்லை. எனினும், புகைபோக்கியின் அருகே குளிர்காய்ந்து பல தலைமுறையாக வாழ்ந்தோரும் அம்மனைக்கு உரியோரே. அவர்கள் செய்த மாற்றங்களைக் கறையெனக் கருதிக் களைவதாயின், 1510இல் எழுந்த தலையையும் களைந்திருத்தல் வேண்டும்.