ஹந்தானை மலையும் மூன்று கதைகளும்

உலக சினிமா என்றதும் நமது நினைவுக்கு வருவன பாரிஸ், ரோம், டோக்கியோ போன்ற நகரங்களே. கண்டி நகருக்குத் தெற்கே நிற்கும் ஹந்தானை மலையை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் நேயர்களே, உலகெங்கும் ஓடிய ஒரு படத்தில் இந்த மலையும் நடித்திருக்கிறது. தன் சொந்தப் பெயரில் அல்ல, வேறொரு பெயரில். அந்தப் படத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்க வேண்டிய இன்னொரு படமும் ஒரு சிறுகதையும் உள்ளன. இம்மூன்றும் 1935ஆம் ஆண்டை ஒட்டி வந்து நிற்பது விந்தையான ஒற்றுமை.

முதலாவது, 'இலங்கையின் கீதம்' என்று பொருள்படும் 'சோங் ஒஃப் சிலோன்' என்ற விவரணப்படம். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பசில் ரைட் என்ற ஆங்கிலேய நெறியாளர் 1934இல் எடுத்தது. தயாரித்தவர், விவரணப்பட இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜோன் கிரியர்சன். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற இப்படம், உலக விவரணப்பட வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. பின்னணியில் ஒலிக்கும் குரல், நமது நாட்டுப் புகைப்படக் கலைஞரும் பியானோ விற்பன்னருமான லயனல் வென்ட்டுடையது.

அந்தக் குரல் வாசிக்கும் வசனம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து. இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில், 1660 முதல் 1679 வரை, கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர் நொக்ஸ். அநுராதபுரம் வழியாகத் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தவர். ஒரு கைதியின் அனுபவம் இலக்கியமாகி, அந்த இலக்கியம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் சினிமாவாகியது. இலக்கியத்துக்கும் திரைக்கும் உள்ள உறவுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஆயினும் இங்கே ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நொக்ஸ் கண்ட மலைநாட்டில் கோப்பித் தோட்டமும் இல்லை, தேயிலைத் தோட்டமும் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். ஆகவே தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் அவருடைய எழுத்தில் இருக்க வழியில்லை. படத்துக்குப் பணம் தந்தது தேயிலை; படத்துக்குச் சொல் தந்ததோ தேயிலை வருவதற்கு முந்திய நூல். கொழுந்து கொய்வோர் திரையில் தோன்றுகிறார்கள். ஆனால் அப்போது நாம் கேட்பது அவர்களுடைய குரலை அல்ல. சந்தை விலை சொல்லும் வர்த்தகக் குரல்களை. வர்த்தகம் ஒரு பழைய நாட்டின் மேல் எவ்வாறு வந்து கவிந்தது என்பதை ரைட் நுட்பமாகக் காட்டினார் என்பதில் ஐயமில்லை. என்றாலும் கொழுந்தைக் கொய்த கைக்கு அங்கே ஒரு பெயர் கிடைக்கவில்லை.

இரண்டாவது, ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்'. கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் ஆண்டும் 1935தான், களம் இந்தியா. இந்திய அரசாங்கத்துக்குத் திரைக்கதை ஏற்புடையதாக இல்லாததால் படப்பிடிப்பு இலங்கைக்கு வந்தது. 1983 ஏப்ரலில் கண்டியில் வேலை தொடங்கியது. ஹந்தானைத் தோட்டப் பகுதி 'மாயாபூர்' என்ற இந்தியக் கிராமமாக மாறியது. கிராமத்துப் பூசகராக வருபவர் சிங்களத் திரையின் புகழ்பெற்ற நடிகர் டி. ஆர். நாணயக்கார. ஆங்கிலம் அறியாத அவர், நெறியாளர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியே அந்த வசனங்களைப் பேசி முடித்தார். அவருடைய முகத்திலுள்ள துயரம் மொழியைக் கடந்து நம்மைத் தொடுகிறது. ஆனால் அந்த இந்தியக் கிராமத்து மக்கள் தமக்குள் பேசும் மொழி சிங்களம்!

நான் அப்போது நடை பழகும் பிள்ளை. பத்து வருடங்கள் கழித்து, அயல் வீட்டில் வீடியோ கசெட்டில் அம்மாவோடு இருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். "என்னடா தம்பி, இந்தியாவுல சிங்களமா பேசுறாங்க?" என்று அம்மா கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த வரலாற்றைப் பின்னர் கற்றபோதுதான் புரிந்துகொண்டேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டது. 1983இல் என் அம்மாவிடம் எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இருக்கவில்லை. அலுவலகக் காகிதத்தில் 'இந்தியர்' என்று எழுதப்பட்ட மக்கள் வாழ்ந்த அதே மலையில், இந்தியக் கிராமம் ஒன்றைத் திரைக்காக அமைத்தபோது அவர்களுடைய தமிழ் அங்கே தேவைப்படவில்லை. இதை எவர்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. ஹொலிவூட்டின் காதுக்கு இரண்டும் ஒரே ஓசையாகக் கேட்டிருக்கக்கூடும். ஆனால் அந்த ஆண்டு ஜூலையில் இந்த நாட்டில் எந்த மொழி பேசுகிறவன் என்பது உயிரைக் காக்கவும் போக்கவும் போதுமான காரணமாயிற்று என்பதை நாம் மறக்க முடியாது.

மூன்றாவது கதைக்குக் கமெராவே இல்லை. 1935இல் 'மணிக்கொடி' இதழில் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக் கேணி'. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதி என்ற பெண்ணின் கதை அது. பிரசல்ஸில் உலகம் கைதட்டிய அதே ஆண்டில், தமிழில் ஓர் எழுத்தாளன் அந்தக் கைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டான். அவளுக்கு ஓர் ஊர், ஒரு தாய், ஒரு மகள், ஓர் அவமானம் எல்லாம் இருந்தன என்று எழுதிவிட்டான்.

மருதியை வெளியிலிருந்து பார்த்தவர் புதுமைப்பித்தன். பின்னர் தோட்டத்துக்கு உள்ளிருந்தே குரல்கள் எழுந்தன. 1947இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கினார். மக்களின் நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் இளம் பெண்ணின் நேர்மை சந்தேகிக்கப்படுகிறது. ரைட்டின் படத்தில் கூடை அழகான ஒரு காட்சி. இராமையாவின் கதையில் அதே கூடைக்குள் ஒருத்தியின் மானம் இருக்கிறது. திரை காட்டிய இடத்திலிருந்துதான் இலக்கியம் தன் வேலையைத் தொடங்குகிறது.

இதனால் அந்தப் படங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. உயர்தர வகுப்பில் இராமையாவைக் கற்பிக்கும்போது ரைட்டின் படத்தைப் பற்றியும் மாணவருக்குச் சொல்கிறேன். ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தைப் பாருங்கள், அந்தப் பெண்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதுங்கள் என்கிறேன். ஒரு மாணவி, துரைமார் படம் பிடிக்கிறார்கள், இன்றைக்கு அரைப்பேராவது போடாமல் விடுவார்களா என்று ஒரு பெண் தோழியிடம் கேட்பதாக எழுதியிருந்தாள். பேர் போடுவது என்பது எங்கள் மலையில் ஒரு நாட் சம்பளத்தைப் பதிவது. அந்த ஒரு வரியில் அவளுடைய பாட்டியின் வாழ்க்கை இருந்தது.

1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001இலிருந்து தேயிலை அரும்பொருட்காட்சியகமாக இயங்குகிறது. பழைய இயந்திரங்களைப் பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள். நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. இயந்திரங்களுக்குக் காட்சியகம் கிடைத்தது. மனிதருக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. அவர்களுடைய பேச்சைக் கேட்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டில் லயத்து வாழ்க்கையைக் கண்ட பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவரிடம் கேட்டு ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். நாளை ஹந்தானையைப் படம் பிடிக்க வருகிறவன் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவனுக்கு வசனம் வேண்டும்.