தாமிரத்தின் இடத்தில் இருவர்: நிக்கலும் துத்தநாகமும்

தனிம அட்டவணையில் தாமிரத்துக்கு முன்னே நிற்பது நிக்கல். பின்னே நிற்பது துத்தநாகம். பிஸ்மத் குப்ரேட் மீகடத்தியின் தாமிர-ஆக்சிஜன் தளத்தில் இரண்டுமே தாமிர அயனியின் இடத்தில் மாசாக அமரக்கூடியவை. அப்படி அமரும்போது நிக்கலின் டி-கூட்டில் ஓர் எலக்ட்ரான் குறைகிறது. துத்தநாகத்தின் கூட்டில் ஒன்று கூடி, கூடு நிறைகிறது. அதனால் நிக்கலுக்குக் காந்தத் திருப்புமை உண்டு, துத்தநாகத்துக்கு இல்லை.

பழைய வகை மீகடத்திகளில் இவ்வேறுபாடே தீர்ப்பு. காந்தமற்ற மாசு, மீகடத்தலை உண்டாக்கும் எலக்ட்ரான் இணைகளைப் பிரிக்காது என்று 1959இல் ஆண்டர்சன் நிறுவினார்; காந்த மாசு பிரித்துவிடும் என்று அப்ரிகோசோவும் கோர்கோவும் அடுத்துக் காட்டினர். இதன்படி கெடுதல் செய்ய வேண்டியது நிக்கல், தீங்கற்றது துத்தநாகம்.

இயற்பியலாளர் சீமஸ் டேவிஸின் குழுவினர் வருடு ஊடுருவல் நுண்ணோக்கியால் 2000இல் துத்தநாகத்தையும் 2001இல் நிக்கலையும் அணு அணுவாகப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. துத்தநாகத்தின் மேல், ஃபெர்மி மட்டத்துக்கு வெறும் 1.5 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கீழே, கூர்மையான ஒத்ததிர்வு எழுந்தது. சுற்றிலும் ஏறத்தாழ 15 ஆங்ஸ்ட்ராம் வரை மீகடத்தல் நலிந்தது. நிக்கலின் மேலோ ஃபெர்மி மட்டத்துக்கு இருபுறமும் 9, 18 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அருகே இரட்டைச் சிகரங்கள் எழுந்தன, மீகடத்தல் குலையவில்லை.

காரணம் இணையின் வடிவத்தில் இருக்கிறது. குப்ரேட்டின் டி-அலை இணை திசைக்குத் திசை குறி மாறுவது. எலக்ட்ரானைத் திசைதிருப்பும் எந்தச் சிதறலும் எதிர்க் குறிகளைக் கலந்து இணையைக் கெடுக்கும். அதற்குக் காந்தம் தேவையில்லை. துத்தநாகம் வலுவாகச் சிதறடிக்கிறது, நிக்கல் மென்மையாக. நிக்கலின் திருப்புமை செய்வது பெரும்பாலும் ஒரு சிகரத்தை இரண்டாகப் பிளப்பதுதான்.

இத்தனை வேற்றுமைக்கிடையிலும் உறவு தெரிகிறது. இரண்டைச் சுற்றியும் எலக்ட்ரான் நிலைகள் நான்மடிச் சமச்சீரோடு பரவுகின்றன. அதுவே டி-அலையின் முத்திரை. இதைவிட வியப்பான உறவும் உண்டு. இட்ரியம் குப்ரேட்டில் நடந்த அணுக்காந்த ஒத்ததிர்வு ஆய்வுகளில், திருப்புமையற்ற துத்தநாகம் அண்டைத் தாமிர அயனிகளில் காந்தத்தைத் தூண்டுவது தெரிந்தது. காந்தம் உடையது அடங்கியிருக்கிறது; காந்தம் இல்லாதது அதை அயலில் எழுப்புகிறது.

ஆகவே குப்ரேட்டில் ஒரு மாசின் கேட்டை அளக்க வேண்டிய அளவுகோல், அது காந்தமா அல்லவா என்பதன்று. அது எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்பதே.