மொங்க்ளோவாவிலிருந்து வந்த தாள்: ஸ்பானிய அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு குறித்து ஒரு மறுவாசிப்பு

நாட்டின் ஒற்றுமையையும் தன்னாட்சி உரிமையையும் பற்றிய, 1978ஆம் ஆண்டு ஸ்பானிய அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு, படைத்தலைமையின் ஆணைக்குக் கட்சிகள் பணிந்ததன் அடையாளம் என்ற கருத்து ஆய்வாளரிடையே வேரூன்றிவிட்டது. இக்கருத்தின் முதன்மைச் சான்று, வரைவுக் குழுவின் எழுவருள் ஒருவரும் பொதுவுடைமையருமான ஜோர்டி சோலே துரா 1985இல் வெளியிட்ட நூலில் உள்ள ஒரு நினைவுக்குறிப்பு. அதிலிருந்து அப்படியொரு முடிவுக்கு வர இயலாது என்பதே என் வாதம்.

குறிப்பு சொல்வது இது. சுழற்சி முறையில் அன்று அமர்வுக்குத் தலைமை வகித்தவர் சோலே துரா. 2ஆம் பிரிவின் திருத்தங்களை விவாதித்துக்கொண்டிருக்கையில், பிரதமர் மாளிகையான மொங்க்ளோவாவிலிருந்து ஒருவர் கையால் எழுதிய தாள் ஒன்றைக் கொண்டுவருகிறார். அதில் பிரிவுக்குப் புதிய வாசகம் இருக்கிறது. அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றலாகாது. பிரதமரும் கலந்தாலோசிக்கப்பட்ட தரப்பினரும் எட்டிய சமரசம் அது என்று ஆளுங்கட்சி உறுப்பினர்கள் விளக்குகிறார்கள். அத்தரப்பினர் யார் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஊகிப்பது கடினமன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பின்வந்தோர் அந்த ஊகத்தையே நிறுவப்பட்ட உண்மையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் தாளின் உள்ளடக்கம் கட்டளையின் தன்மையைக் காட்டவில்லை. படை அதிகாரிகளைப் பெரிதும் உறுத்தியதும், மனுவேல் ஃப்ராகாவின் மக்கள் கூட்டணி கடுமையாக எதிர்த்ததும் 'தேசிய இனங்கள்' என்ற சொல்தான். 1978 ஜனவரி 5இல் வெளியான முன்வரைவிலேயே அச்சொல் இருந்தது. ஆணையிடும் வலிமை படைக்கு இருந்திருந்தால் முதலில் நீங்கியிருக்க வேண்டியது அதுவே. தாளிலோ அது அப்படியே நிற்கிறது. 'பிரிக்கவியலாத தாயகம்', 'கலைக்கவியலாத ஒற்றுமை' என்ற தொடர்கள் அதைச் சுற்றிச் சேர்கின்றன. ஒரு தரப்பு சொல்லைக் காத்துக்கொண்டது. மறுதரப்பு அதற்கு வேலி கட்டிக்கொண்டது. இதைப் பேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேலும், தாளின் வாசகமாக நூல் தருவதும் இறுதியில் நிறைவேறிய வாசகமும் ஒன்றல்ல. தன்னாட்சி உரிமையை அரசியலமைப்பு அங்கீகரிப்பதோடு உறுதியும் அளிக்கிறது என்பது இறுதி வாசகத்தில்தான் இடம்பெறுகிறது. காற்புள்ளிக்கும் விதித்த தடை நிலைக்கவில்லை.

1981 பிப்ரவரி 23இல் படையினர் மேற்கொண்ட ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை எதிர்வாதமாகக் காட்டுவோர் உண்டு. படையைப் பற்றிய அச்சம் மெய்யானது என்பதற்கு அது சான்று. 2ஆம் பிரிவை எழுதியது யார் என்பதற்குச் சான்றன்று.

மூடிய அறைப் பேச்சு இத்தாளோடு தொடங்கியதுமில்லை, முடிந்ததுமில்லை. குழு காத்துவந்த இரகசியம் 1977 நவம்பரில் வரைவு இதழொன்றில் கசிந்ததோடு உடைந்தது. 1978 மே 22 இரவு, மாட்ரிட்டின் ஹோசே லூயிஸ் உணவகத்தில் ஆளுங்கட்சியின் ஃபெர்னாண்டோ அப்ரில் மார்டொரெலும் சோசலிசக் கட்சியின் அல்ஃபோன்சோ கெர்ராவும் தத்தம் கட்சியினருடன் அமர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகளை முடித்தார்கள். வெளிப்படையாகக் கூடிய நாடாளுமன்றக் குழுவுக்கு எஞ்சியது பெரும்பாலும் ஒப்புதல் வேலையே. மக்கள் கூட்டணி கொதித்தெழுந்தது; அதன் சினத்தில் நியாயம் இருந்தது.

தாள் எங்கிருந்து வந்தது என்று தேடுவதில் காட்டிய அக்கறையை, அறைக்குள் யாருக்கு இருக்கை கிடைக்கவில்லை என்ற கேள்வியில் ஆய்வுலகம் காட்டவில்லை. எழுவர் குழுவில் பாஸ்க் தேசியக் கட்சிக்கு இடமில்லை. அக்கட்சி மக்களை வாக்களிக்காமல் விலகியிருக்கச் சொன்னது. 1978 டிசம்பர் 6 பொதுவாக்கெடுப்பில் பாஸ்க் நாட்டு வாக்காளரில் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை.