வானத்துக்கு யார் வாசல் வைத்தார்?

பறக்கப் பழக விரும்புவோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. எங்கே கற்பது? எவ்வளவு செலவாகும்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இவை வெறும் விசாரிப்புகள். பெஸ்ஸி கோல்மன் எனும் கறுப்பினப் பெண்ணுக்கோ இவையே பெரும் போராட்டமாயின.

1892ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் அவர். பருத்திக் காட்டிலே பாடுபட்ட குடும்பம். 1910இல் லாங்ஸ்டனில் உயர்கல்வி பயிலச் சேர்ந்தார். சேர்த்து வைத்த பணம் ஒரு பருவத்தோடு தீர்ந்தது. பின்னர் சிகாகோ நகரம். முடி திருத்தகத்தில் பிறர் நகங்களைச் சீராக்கி மெருகிடும் வேலை. போரிலிருந்து திரும்பிய அண்ணன், "பிரெஞ்சுப் பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள், உன்னால் ஆகுமா?" எனும் பொருள்படக் கேலி பேசினார். ஆகும் என்று காட்டத் துணிந்தார் தங்கை.

அமெரிக்காவில் விமானப் பள்ளிகள் இல்லையா? இருந்தன. இடம் இல்லையா? இருந்தது, வெள்ளையருக்கு! பெண்ணாய்ப் பிறந்தது ஒரு குற்றம். கறுப்பராய்ப் பிறந்தது மறு குற்றம். தன்னை இயக்கும் கை கறுப்பா வெளுப்பா என்று விமானம் கேட்டதுண்டா? காற்று கேட்டதுண்டா? கேட்டவன் மனிதன்!

கறுப்பர் நலனுக்காக 'சிகாகோ டிஃபெண்டர்' இதழை நடத்திய ராபர்ட் அபாட் வழி சொன்னார்: பிரான்சுக்குப் போ. பெஸ்ஸி பிரெஞ்சு மொழி கற்றார், காசு சேர்த்தார், 1920 நவம்பரில் கப்பலேறினார். லெ குரோட்டுவா என்ற ஊரில், கோத்ரோன் உடன்பிறந்தார் பள்ளியில் பயின்றார். உடன் பயின்ற ஒருவர் விமானம் விழுந்து மாண்டதைக் கண்ணாரக் கண்டும் பின்வாங்கவில்லை. 1921 ஜூன் 15இல், அனைத்துலக விமானி உரிமம் அவர் கைக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் அதைப் பெற்ற முதல்வர் அவரே.

செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள், தோழர்களே! பயிற்சிக் கட்டணம் மட்டுமா? கடற்பயணம் ஒன்று, கற்ற மொழி ஒன்று, அயல்நாட்டில் ஊணும் உறைவிடமும் வேறு. இத்தனையும் தோலின் நிறத்துக்கு விதிக்கப்பட்ட வரியன்றோ!

தாயகம் திரும்பியவர் வானில் சாகசங்கள் நிகழ்த்திப் பொருள் தேடினார். எதற்காக? தம் இனத்தார் கடல் கடக்காமலே கற்க ஒரு பள்ளி அமைப்பதற்காக. டெக்சாசின் வாக்சஹாச்சி ஊரில் வெள்ளையர்க்கொரு வாயில், கறுப்பர்க்கொரு வாயில் என்றபோது, ஒரே வாயில் வைத்தாலன்றிப் பறக்கமாட்டேன் என்றார். வாயில் ஒன்றானது, உள்ளே இருக்கைகள் பிரிந்தே கிடந்தன.

அவரால் வாங்க முடிந்தது பழைய விமானமே. 1926 ஏப்ரல் 30இல் ஜாக்சன்வில்லில், அவருடைய இயந்திரப் பணியாளர் ஓட்டிய அவ்விமானம் நிலை குலைந்தது. இருக்கை வார் பூட்டாதிருந்த பெஸ்ஸி விழுந்து மாண்டார். எங்கோ கிடந்த திருகுக் கருவியொன்று பொறிக்குள் சிக்கியதே காரணம் என்றனர். வயது 34. பள்ளி கனவாகவே நின்றது.

கனவு மட்டும் சாகவில்லை. 1929இல் லாஸ் ஏஞ்சல்சில் வில்லியம் பவல் அவர் பெயரால் பறப்போர் கழகம் கண்டார். 1939இல் அமெரிக்க அரசு, பொதுச் செலவில் குடிமக்களுக்கு விமானப் பயிற்சி தரச் சட்டம் செய்தது. இனத்தாலோ நிறத்தாலோ எவருக்கும் மறுக்கலாகாது என்று அதில் எழுத வேண்டியதாயிற்று. டஸ்கீகி கல்வி நிலையத்துக்கும் அத்திட்டம் வந்தது. அவ்வூரில் பயின்ற கறுப்பின விமானிகள் இரண்டாம் உலகப் போரில் வீரம் விளைத்தனர்.

அறிவில் குறைந்தா அவர்கள் அதுவரை தரையில் கிடந்தார்கள்? இல்லை. கதவு அடைத்துக் கிடந்தது, கட்டணம் எட்டாதிருந்தது. ஒன்றைத் திறந்து மற்றொன்றை அரசு ஏற்றதும், உழவர் வீட்டுப் பிள்ளையும் பறந்தான். பிறப்பைக் கேட்கும் வாசல் உள்ளவரை, எந்தக் கல்விக்கும் நியாய விலை இல்லை!