ஆலையில்லா ஊரின் மோட்டார் சைக்கிள்

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை" என்பது முன்னோர் வாக்கு. கரும்பு பிழியும் ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூவின் இனிப்பே சர்க்கரையாக மதிக்கப்படும் என்பது அதன் பொருள். பெரும்பாலும் ஏளனமாகவே இப்பழமொழி எடுத்தாளப்படுகிறது. ஆயின், இலுப்பைப்பூவில் இனிப்பு உண்டென்று முதலில் கண்டவன் அறிவிலி அல்லன். இல்லாமையின் நடுவே நின்று, கையில் உள்ளதன் இயல்பை ஆராய்ந்தவன் அவன். வன்னிப் பெருநிலத்தில் மோட்டார் சைக்கிள் என்னும் சிறு வண்டியைக் காத்து ஓட்டிய மக்களின் வரலாறும் இத்தகையதே. அவ்வரலாற்றைச் சொல்வதற்குக் கொக்கிளாய் பொருத்தமான ஊர்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது கொக்கிளாய். களப்பின் முகத்துவாரத்துக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை கிடக்கின்றது. வடக்கே முல்லைத்தீவு நகருக்குச் செல்லும் கரையோரப் பாதை, கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்கின்றது. மீன்பிடியே இங்குத் தலையாய தொழில். பிடித்த மீனைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், நோயாளியை மருத்துவமனையிற் சேர்க்கவும், எளியவர் கைக்கு எட்டிய இயந்திர வாகனம் மோட்டார் சைக்கிள்.

இத்தகைய ஊரில் அந்த வண்டிக்கு இரு பகைகள் உண்டு. ஒன்று உப்புக் காற்று, மற்றொன்று மணல். உப்பு, இரும்பைத் துருவாக்கித் தின்னும். மணலோ சங்கிலியிலும் பற்சக்கரத்திலும் புகுந்து, அரம்போல அராவும். புல்மோட்டை, கொக்கிளாய்க் கரைகளிற் காணப்படும் கருமணலில் இல்மனைற்று, சிர்க்கன் போன்ற கடினமான கனிமங்கள் கலந்துள்ளன. அவை உலகச் சந்தையில் விலைபெறும் பொருள்கள். ஆனால், வண்டிச் சங்கிலிக்கு அவை நஞ்சு.

இவ்விரு பகைகளையும் தடுக்கக் கரையோர மக்கள் கையாளும் முறைகள் மிக எளியவை. பழைய ரியூப்பை வெட்டி முன் சில்லின் மட்காட்டின் அடியில் தொங்கவிட்டால், சில்லு வாரியெறியும் மணல் இயந்திரத்தில் மோதாது. பிளக்கின் தலையைச் சுற்றி அதே ரியூப்பிற் கிழித்த நாடாவை இறுகக் கட்டினால், மழைநீர் புகாது. மாற்றிக் கழித்த இயந்திர எண்ணெயைத் துணியில் தோய்த்து அடிப்பாகத்தில் தடவினால், துரு பிடிப்பது தாமதமாகும். மீன்பெட்டியின் அடியில் விரித்த உரப்பையோ பொலித்தீனோ, உப்புநீர் சங்கிலியில் வடியாமற் காக்கும். கரையிலிருந்து திரும்பியதும் கிணற்று நன்னீரால் வண்டியைக் கழுவுதல் இவை எல்லாவற்றினும் மேலான காப்பு.

இம்முறைகளுக்கெல்லாம் அடிப்படையான நெறி ஒன்று உண்டு. மலிவான பொருள் தான் தேய்ந்து, விலைமிக்க பொருளைக் காக்கவேண்டும் என்பதே அந்நெறி. தொங்கும் ரியூப் துண்டு சிலகாலத்திற் கிழிந்துபோகும். அதன் பின்னேயுள்ள இயந்திரம் பிழைக்கும். எதை இழந்து எதைக் காப்பது என்னும் இக்கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தவனே நல்ல திருத்துநன்.

மோட்டார் சைக்கிளின் வரலாற்றிலும் இக்கணக்குக்குப் பெரிய இடம் உண்டு. 1946 ஆம் ஆண்டு, போரில் தோற்று நொடிந்திருந்த ஜப்பானின் ஹமமட்சு நகரில், சொய்ச்சிரோ ஹொண்டா என்பவர், படையினர் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தரப் பயன்படுத்திய சிறு இயந்திரங்கள் வீணே கிடப்பதைக் கண்டார். அவற்றைச் சாதாரணச் சைக்கிளிற் பொருத்த முனைந்தார். முதல் வண்டிக்கு எரிபொருள் தொட்டியாக அமைந்தது, குளிர்காலத்திற் படுக்கையைச் சூடாக்க வீட்டில் வைத்திருந்த வெந்நீர்க் குடுவையே. அவருடைய மனைவியார் அவ்வண்டியை ஓட்டிப் பார்த்தார். அக்காலத்திற் பெற்றோல் கட்டுப்பாட்டில் இருந்தமையால், பைன் மரத்து வேரிலிருந்து வடித்த தைலத்தையும் ஹொண்டா எரிபொருளிற் சேர்த்தார். 1948 இல் அவர் பெயரால் நிறுவனம் எழுந்தது. 1958 இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'சுப்பர் கப்' என்னும் வண்டியில், ஓட்டுபவரின் கால்களைச் சேற்றிலிருந்து மறைக்கும் பிளாஸ்ரிக் தகடு ஆலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. வீட்டுக் குடுவையோடு பிறந்த கைவினை, பன்னிரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் செல்லும் உற்பத்தியாக வளர்ந்துவிட்டது.

அந்நிறுவனத்தின் வண்டிகள் இலங்கையின் வடபகுதிக்கும் வந்து, எண்பதுகளில் ஊர்தோறும் ஓடின. வெந்நீர்க் குடுவையின் கதை, வேறோர் உருவில், இங்கு மீண்டும் நிகழ வேண்டியதாயிற்று.

1984 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் பிற ஊர்களில் ஏதிலிகளாய் வாழ்ந்தனர். 1990 ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம், மின்கலம் முதலிய பல பொருள்கள் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு அனுமதிக்கப்பட்டது. பெற்றோல் அரும்பொருளாகி, துளிக்கணக்கில் எண்ணப்படும் நிலை வந்தது. வண்டிகள் இருந்தன, ஓட்டுவோர் இருந்தனர், எரிபொருள் இல்லை.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடலாயிற்று. இது வானத்திலிருந்து குதித்த வித்தை அன்று. வடபகுதி உழவர், தோட்டக் கிணறுகளில் நீரிறைக்கும் சிறு இயந்திரங்களைப் பெற்றோலில் முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிப் பல்லாண்டு பழகியவர்கள். மீனவரின் படகுகளில் வெளியே பொருத்தும் இயந்திரங்களும் அவ்வாறே ஓடின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளுக்கென்றே அமைக்கப்பட்டது. அதிற் பெற்றோலுக்குத் தனியே சிறு அறையும், மற்றதற்குப் பெரிய அறையும் இருந்தன. வயலிலும் கடலிலும் கற்ற பாடத்தை மக்கள் வீதிக்குக் கொண்டுவந்தனர் என்பதே உண்மை.

மண்ணெண்ணெயை அப்படியே தொட்டியில் ஊற்றினால் வண்டி ஏன் புறப்படாது? பெற்றோல் எளிதில் ஆவியாகும் தன்மையது. உறைபனிக்கும் ஏறத்தாழ 40 பாகை கீழேகூட, தீப்பொறி பட்டால் பற்றக்கூடிய ஆவியை அது வெளிவிடும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாற்றான் அத்தகைய ஆவியைத் தரும். ஆகவே, குளிர்ந்த இயந்திரத்தில் அது திரவமாகவே நிற்கும், பிளக்கை நனைத்துவிடும். இயந்திரம் ஒருமுறை சூடேறிவிட்டாலோ, உட்செல்லும் மண்ணெண்ணெய் அச்சூட்டில் ஆவியாகி எரியத் தொடங்கும். இதனை அறிந்தவர்கள், சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரிற் செலுத்தி இயந்திரத்தை முடுக்கினர். அது சூடேறி நிதானப்பட்டதும் மண்ணெண்ணெய் தொடர்ந்து எரிந்தது. ஒரு போத்தல் பெற்றோல் பல நாள்களுக்குப் போதியதாயிற்று. சிறு போத்தலிலிருந்த துளிகள் தீர்ந்துபோயின், தொட்டி நிறைய மண்ணெண்ணெய் இருந்தும் பயனில்லை.

இதே காலத்தில் வானொலிக்கும் இத்தகைய கைவினை துணைசெய்தது. மின்சாரமும் மின்கலமும் இல்லாத வீடுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் மக்கள் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்ற, மற்றவர் செவிமடுத்தனர். சுழற்றும் கை ஓய்ந்தால், செய்தியும் நின்றது.

1995 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்துசேர்ந்தனர். அவர்களோடு அங்கே பழகிய கைத்திறனும் வந்தது. உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில், ஓடாத ஒரு வண்டி வேறொரு வண்டிக்குக் களஞ்சியமாயிற்று.

ஆயினும், இத்திறனைப் புகழ்வோர் அதன் விலையை மறத்தலாகாது. முன்னே கூறிய நெறி இங்குத் தலைகீழாயிற்று. மலிவானது தேய்ந்து விலைமிக்கது பிழைக்கவேண்டும் என்றிருந்த நிலை மாறி, விலைமிக்க இயந்திரமே தேய்ந்து அன்றைய பயணத்தைக் காத்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து, கீழேயுள்ள எண்ணெயிற் கலந்து, அதன் கொழுமையைக் கெடுத்தது. கொழுமை கெட்ட எண்ணெய் உராய்வைத் தடுக்கவில்லை. பிளக்கிற் கரி படிந்தது. அதனை அடிக்கடி கழற்றித் தேய்க்கவேண்டியிருந்தது. அழுத்தம் கூடும்போது மண்ணெண்ணெய் காலமல்லாக் காலத்திற் பற்றி, உருளையினுள் தட்டொலி எழுப்பியது. வெண்புகையும் நெடியும் வீதியை மூடின. பின்னே அமர்ந்து மருத்துவமனைக்குச் சென்ற நோயாளியும் அப்புகையையே சுவாசித்தான்.

ஓட்டியவர்கள் இக்கேடுகளை அறியாதவர்கள் அல்லர். அறிந்தே செய்தனர். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிய இரவில், வரும் ஆண்டு பிஸ்ரன் தேயுமே என்று எண்ணுபவர் யார்? இயந்திரத்தின் ஆயுளைக் கொடுத்து மனிதரின் நாளை வாங்கினர். அது பிழையான கணக்கன்று. ஆனால், அக்கணக்கைப் போடவேண்டிய நிலைக்கு ஒரு மக்கட்கூட்டம் தள்ளப்பட்டதே பிழை.

உலகப்போர் நாள்களிற் பிற நாடுகளும் இவ்விலையைக் கொடுத்துள்ளன. இரண்டாம் உலகப்போரின்போது பெற்றோல் தட்டுப்பட்டபோது, தமிழ்நாட்டிற் பேருந்துகளின் பின்புறத்தே கரியடுப்பு ஏற்றப்பட்டது. கரியை அரைகுறையாக எரித்துப் பெற்ற வாயுவினால் அவை ஓடின. மேடு வந்தாற் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. சுவீடன், ஜேர்மனி முதலிய நாடுகளில் விறகு வாயுவில் வாகனங்கள் பெருந்தொகையாக ஓடின. போர் முடிந்து பெற்றோல் வந்ததும், அவ்வடுப்புகளை மக்கள் கழற்றி எறிந்தனர். தட்டுப்பாட்டிற் பிறந்த கருவியைத் தட்டுப்பாடு நீங்கியபின் எவரும் விரும்பி வைத்திருக்கவில்லை என்பது கருதத்தக்கது.

வன்னியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2002 ஆம் ஆண்டு ஜனவரியிற் பெரும்பாலான பொருள்கள் மீதான தடை நீங்கியபோது, வண்டிகள் பெற்றோலுக்குத் திரும்பின. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது பழைய இடர் மீண்டது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின்னரே கொக்கிளாய் மக்களுக்கு ஊர் திரும்பும் வழி பிறந்தது. பலர் திரும்பினர், சிதைந்த வீடுகளையும் பற்றை மண்டிய காணிகளையும் கண்டனர்.

2022 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருள் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு ஜூலையில், மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு வகுக்கப்பட்டது. முன்பு வடபகுதி மட்டும் அறிந்த வரிசையில் இப்போது எல்லா மாவட்டத்தாரும் நின்றனர். ஆனால், இம்முறை மண்ணெண்ணெயும் கைகொடுக்கவில்லை. ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. மண்ணெண்ணெயையே நம்பிக் கடலுக்குச் செல்லும் கரையோர மீனவரை அது பெரிதும் வாட்டியது. மாற்றுப்பொருளும் மலிவாய் இருக்குமட்டுமே மாற்றுவழி உண்டு என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

மண்ணெண்ணெய் வண்டியின் கைமுறையை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. பட்டறையில் நின்று கண்டவர்களும், மழையிரவில் வண்டியைத் தள்ளிக் கற்றவர்களுமே அதனை அறிவர். அவர்களுக்கு இப்போது முதுமை வந்துகொண்டிருக்கின்றது. போர்களின் ஆண்டும் திகதியும் ஏடுகளில் ஏறிவிடும். சில துளி பெற்றோலாற் காப்பாற்றப்பட்ட உயிர்களின் கணக்கும், அதற்காக உயிர்விட்ட இயந்திரங்களின் கணக்கும், எழுதுவோர் இல்லையேல் மறைந்துபோகும்.

உப்புக் காற்று இன்றும் கொக்கிளாயில் வீசுகின்றது. மீன்பெட்டி ஏற்றிய வண்டிகள் கரையோரப் பாதையில் ஓடுகின்றன. மட்காட்டின் கீழே பழைய ரியூப் துண்டு தொங்குவதும், பெட்டியின் அடியில் உரப்பை விரிந்திருப்பதும் மறைந்தில. மலிவானது தேய்ந்து விலைமிக்கதைக் காக்கும் பழைய நெறி மீண்டும் தன் இடத்தில் நிற்கின்றது. இலுப்பைப்பூவின் இனிப்பை அறிந்தவர்களுக்குச் சர்க்கரையின் அருமையும் தெரியும். அது மீண்டும் அவர்களுக்கு மறுக்கப்படாதிருக்க வேண்டும்.